அகராதிக்குள் ஒரு சேரி

தென்னாப்பிரிக்காவில் வெள்ளை நிறவெறி அரசு நடந்துகொண்டிருந்தபோது உலகத்து ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தன: ‘பரையா ஸ்டேட்’. எவரும் பக்கத்தில் சேர்க்காத நாடு என்று அர்த்தம். 1964இலிருந்து ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை. 1977இல் ஐ.நா. பாதுகாப்பு அவை அதற்கு ஆயுதம் விற்கக் கூடாதென்று தடை போட்டது. போட வேண்டிய தடைதான். ஆனால் பெயரைக் கொஞ்சம் பாருங்கள், தோழர்களே. கறுப்பு மக்களை நகரத்துக்கு வெளியே தனிக் குடியிருப்புகளில் தள்ளி, வேலைக்கு மட்டும் உள்ளே கூப்பிட்டு, வேலை முடிந்ததும் வெளியே துரத்திய அரசு அது. நம்ம ஊர்த்தெரு காலங்காலமாகச் செய்ததைச் சட்டம் போட்டு, போலீஸ் வைத்துச் செய்த அரசு. அந்த அரசைத் திட்டுவதற்கு உலகம் எந்தப் பெயரை எடுத்தது? ஊர்த்தெருவின் பெயரை எடுக்கவில்லை. சேரியின் பெயரை எடுத்தது. தள்ளி வைத்தவனைத் திட்டுவதற்குத் தள்ளி வைக்கப்பட்டவனின் பெயர்!

இது பழங்கதை இல்லை. 2019 நவம்பரில், ஜமால் கஷோகி என்ற பத்திரிகையாளரின் கொலைக்காக சவுதி அரேபியாவை ‘பரையா’ ஆக்குவோம் என்று தேர்தல் விவாத மேடையில் சொன்னார் ஜோ பைடன். ஜனாதிபதி ஆனார். எண்ணெய் விலை ஏறியது. 2022 ஜூலையில் ஜித்தாவுக்குப் போய் அந்த நாட்டு இளவரசரோடு முஷ்டியோடு முஷ்டி தட்டிக்கொண்டார். ராஜாக்கள் எண்ணெய் இருந்தால் இந்தப் பெயரிலிருந்து மூன்று வருஷத்தில் வெளியே வந்துவிடலாம் போலிருக்கு. ஐநூறு வருஷமாக அந்தப் பெயரைச் சுமக்கிறவர்களுக்கு அப்படி எந்த வாசலும் திறக்கவில்லை.

‘பரையா’ என்பது வேறெதுவும் இல்லை. பறையர் என்ற நம்முடைய பெயர்தான் கப்பலேறிப் போய், ‘ற’ தேய்ந்து, ஆங்கில அகராதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், எல்லாராலும் வெறுக்கப்படுபவர்.

வடபழனியில் ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையில் சனி, ஞாயிறு மாலைகளில் நானும் இரண்டு தோழர்களும் போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறோம். காசு வாங்குவதில்லை. சாலிகிராமம், விருகம்பாக்கம், கோடம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள். அப்பா படப்பிடிப்பில் லைட் தூக்குகிறவர், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், இப்படி. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவர்கள். வங்கித் தேர்வு, மத்திய அரசுத் தேர்வு, ஒன்றிரண்டு பேருக்கு வெளிநாட்டுப் படிப்புக்கான ஜி.ஆர்.இ. எல்லாத்துக்கும் சொல் பட்டியல் மனப்பாடம் பண்ணியாக வேண்டும். சின்ன அட்டையில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். பி.காம். முடித்த ஒரு பெண் போன வருஷம் அந்த அட்டைக் கட்டோடு வந்தாள். அதற்கு முன் பணம் கட்டி வேறொரு பயிற்சி மையத்தில் படித்தவள். கட்டில் இந்தச் சொல்லும் இருந்தது.

அந்த மையத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஞாபகக் குறுக்கு வழி சொல்லித் தருவார்களாம். இதற்கு ஆசிரியர் சொன்ன வழி: “இது நம்ம தமிழ் வார்த்தைதாம்பா. ஊருக்கு வெளிய யார் இருப்பாங்க? அவ்ளோதான், மறக்கவே மறக்காது.” வகுப்பே சிரித்திருக்கிறது. “நானும் சிரிச்சேன் அண்ணா. சிரிக்காம உக்காந்திருந்தா நான் யாருன்னு தெரிஞ்சிருமே” என்றாள். அன்றைக்கு அவள் பையில் இ-சேவை மையத்தில் எடுத்த சாதிச் சான்றிதழும் இருந்தது. நம்மில் சிலருக்கு ‘ஆதி திராவிடர்’ என்று வரும், சிலருக்கு ‘பறையன்’ என்றே வரும். அவளுக்கு இரண்டாவது. சான்றிதழில் வட்டாட்சியர் கையெழுத்துக்கு மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததும் அட்டையில் எழுதியிருந்ததும் ஒரே சொல். ஒன்றிரண்டு எழுத்துதான் வித்தியாசம். ஒரு தாள் இந்தப் பெயருக்காக உனக்கு இட ஒதுக்கீடு உண்டு என்கிறது. இன்னொரு தாள் இந்தப் பெயருக்கு எல்லாராலும் வெறுக்கப்படுபவர் என்று பொருள் எழுது, ஒரு மார்க் தருகிறேன் என்கிறது.

அவள் கேட்ட கேள்வி நேரானது. “பரீட்சையில இந்த வார்த்தைக்கு நேரா ‘அவுட்காஸ்ட்’னு இருந்தா டிக் பண்ணட்டுமா, விட்டுடட்டுமா?”

டிக் பண்ணு என்றேன். இதில் எனக்குக் குழப்பமில்லை. அரை மார்க்கில் வேலை போகிற நாட்டில், சுயமரியாதைக்காக ஒரு மார்க்கை விடு என்று அடுத்தவர் பிள்ளைக்கு உபதேசம் செய்கிற உரிமை எந்தப் புரட்சிக்காரனுக்கும் கிடையாது. மார்க்கை எடுத்துக்கொள்வோம். ஆனால் சொல்லின் பொருளை முழுசாகப் படிப்போம். அட்டையின் பின்பக்கம் இருப்பது பொருளே இல்லை, ஒருதரப்பு வாக்குமூலம். அன்றைக்கு மீதி வகுப்பு முழுக்க இந்த ஒரே சொல்தான்.

இந்தச் சொல் போன வழியை ஓடிப் பார்த்துவிடலாம். மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியன் துவார்த்தே பர்போசா 1516 வாக்கில் இந்தப் பெயரைத் தன் குறிப்பில் எழுதி வைத்தான். தூரத்திலிருந்து, மேல்சாதிக்காரன் சொன்னதைக் கேட்டு எழுதியது என்பது படித்தாலே தெரியும். 1613இல் ஆங்கில அச்சுக்கு வந்தது. 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தேன் த சேன்-பியேர் ஒரு கதை எழுதினார். பூரி கோயில் பிராமணத் தலைவரிடம் ஞானம் கேட்கப் போன ஆங்கிலேய அறிஞன் ஏமாந்து திரும்புகிறான், வழியில் புயல் மழைக்கு ஒரு பரையாவின் குடிசையில் ஒதுங்கி, அங்கே ஞானம் பெறுகிறான். அவ்வளவுதான், ஐரோப்பாவுக்குப் பிடித்துப்போனது. 1821இல் பாரிசில் கசிமிர் தெலவீன் இதே தலைப்பில் நாடகம் போட்டார். 1829இல் நேபிள்சில் தொனிசெத்தி இசை நாடகமாக்கினார். 1838இல் பிளோரா திரிஸ்தான் என்ற பெண் போராளி தன் பயண நூலில் தன்னையே ‘பரையா’ என்று அழைத்துக்கொண்டார். பின்னால் மாக்ஸ் வெபர் யூதர்களைப் ‘பரையா மக்கள்’ என்றார். 1944இல் ஹன்னா அரெண்ட் யூதரைப் பரையாவாக வைத்துக் கட்டுரை எழுதினார். இவர்களில் பலர் நல்லவர்கள், அடிபட்டவர்கள். அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சொல் எவ்வளவு புகழ் பெறுகிறதோ அவ்வளவுக்குச் சொல்லுக்குரிய மனுஷன் மறைந்துபோகிறான். பாரிசிலும் பெர்லினிலும் பரையா ஒரு கவித்துவமான தனிமை. செங்கல்பட்டில் அதே பெயரோடு ஒருத்தன் சேற்றில் நின்றுகொண்டிருந்தான்.

அந்தச் சேற்றுக்குத்தான் வர வேண்டும். ‘வெளியே தள்ளப்பட்டவர்’ என்ற அகராதிப் பொருள் இழிவானது என்பது ஒரு பக்கம். அது பொய் என்பதுதான் எனக்கு முக்கியம்.

வடபழனியிலிருந்து அரை மணி நேரத்தில் சைதாப்பேட்டை போய்விடலாம். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் தலைமையிடம் அது. அந்த ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்கள் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதில் இருப்பவர்கள் காட்டில் தனியாக வாழ்கிற ஞானிகள் அல்ல, ஊரை விட்டு ஓடிய குற்றவாளிகளும் அல்ல. மிராசுதார்களின் நிலத்தில் ஏர் ஓட்டி, நாற்று நட்டு, அறுத்து, களம் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வாங்கின கடனுக்கு வாழ்நாளெல்லாம் கட்டுப்பட்டு, குடியிருக்கும் மனைகூடத் தன் பெயரில் இல்லாதவர்கள். அந்த விவாதத்திலிருந்துதான் 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அது யார் கைக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டுப் போராடியதில் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள் என்பதும் தெரியும்.

ஆக, இவர்களா வெளியே இருந்தவர்கள்? இவர்கள் ஒரு வாரம் கை கட்டி உட்கார்ந்திருந்தால் ஊர்த்தெருவில் உலை கொதித்திருக்காது. நிலத்துக்குள், நெல்லுக்குள், கணக்குக்குள், கடனுக்குள் எல்லாம் உள்ளேதான் இருந்தார்கள். கோயில், கிணறு, பந்தி, பள்ளிக்கூடம் இவற்றுக்கு மட்டும் வெளியே. உழைப்பை உள்ளே இழுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவதற்குப் பெயர்தான் சாதி. ‘அவுட்காஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் இந்தச் சூட்சுமத்தின் பாதியை மறைத்துவிடுகிறது. யாரோ ஏதோ தப்புச் செய்து சாதியை விட்டு விலக்கப்பட்டவன் மாதிரி காட்டுகிறது. 1886இல் யூலும் பர்னெலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்திய அகராதியிலேயே இது தமிழ்நாட்டின் மிகப் பெரிய சாதிகளில் ஒன்றின் பெயர், பறை என்ற முழவிலிருந்து வந்தது என்று இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே நாய்க்கு வைத்தான், பருந்துக்கு வைத்தான், மட்டச் சாராயத்துக்கும் வைத்தான். பருந்தின் பெயரைப் பறவை நூல்கள் பெரும்பாலும் மாற்றிவிட்டன. நாய்க்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் சில பேருக்குச் சௌகரியமாக இருக்கும். அந்தச் சௌகரியத்தை நாம் தர வேண்டியதில்லை. அவன் பெயரோடு சேர்த்து இறக்குமதி செய்தது இங்கே தயாரான வெறுப்பைத்தான். நாய்க்கு முன்னால் இந்தப் பெயரைச் சேர்த்துத் திட்டக் கற்றுக்கொடுத்தது எந்த ஆக்ஸ்போர்டு? ஊர்த்தெருத் தமிழ்தானே. தமிழின் பெருமை பேசும் மேடைகளில் ‘ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள்’ என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள். கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுத்தண்ணி, அணைக்கட்டு. கை தட்டல் பறக்கும். நான் கேட்ட எந்த மேடையிலும் இந்தச் சொல்லை யாரும் வாசித்ததில்லை. நூறு நாட்டில் வழங்குகிற தமிழ்ச் சொல்லாச்சே, ஏன் விட்டீர்கள்? கால்டுவெல் தன் ஒப்பிலக்கண நூலில் பறையர்கள் திராவிடர்களே என்று வாதாடிய ஒரு பகுதி இருந்தது. 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதைக் காணோம். ‘தேவையில்லாத’ பக்கங்களை எடுத்துவிட்டார்களாம். மேடைப் பட்டியலில் விடுபட்டதும் இதே வகை விடுபடல்தான்.

மலேசியாவில் 2011இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்துல்லா உசேன் எழுதிய ‘இண்டர்லாக்’ என்ற 1971ஆம் வருஷத்து மலாய் நாவல் அங்கே பள்ளிப் பாடநூலானது. அதில் இந்தியாவிலிருந்து வந்த கூலிகளைப் ‘பரையா’ சாதியோடு சேர்த்துச் சொல்லும் இடம் இருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். கூட்டம், மனு, கைது, கடைசியில் அந்த வருஷ முடிவில் நூல் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு இனத்தையே ஏசும் வசையாக மலாய் மண்ணில் அந்தச் சொல் புழங்குவதால் கோபம் நியாயம்தான். ஆனால் எழுந்த குரல்களில் ஒரு குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். “நாங்கள் பரையா அல்ல” என்ற குரல். அப்படியானால் பரையாவாக இருப்பவன்? ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களில் நம் முப்பாட்டன்கள் எத்தனை பேர்! அவர்கள் பெயரைத் தன்மேல் ஒட்டிவிட்டார்களே என்றுதான் சிலருக்கு வலித்தது. அந்தப் பெயர் ஏன் வசையானது என்று அந்தக் குரல் கேட்கவில்லை.

இந்தப் பெயரை என்ன செய்வது என்று நம் முன்னோர்களுக்குள்ளேயே பெரிய வழக்கு நடந்தது. அயோத்திதாசர் இந்தப் பெயரையே ஏற்கவில்லை. பௌத்தர்களாக இருந்தவர்கள்மேல் எதிரிகள் பூசிய சேறு இது என்றார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் நடத்திய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். இரட்டைமலை சீனிவாசன் நேரெதிர். 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர். எந்தப் பெயரைச் சொன்னால் தலை குனிகிறாயோ அதையே தலைப்பில் அச்சடித்துக் கடையில் தொங்கவிட்டார். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசுப் பதிவுகளில் பொதுப்பெயராகப் பறையர், பஞ்சமர் என்பவை போய் ஆதி திராவிடர் வந்தது. மூன்று பேர், மூன்று வழி. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மூன்று பேருக்கும் பொதுவான ஒன்று உண்டு: பெயரை முடிவு செய்கிறவர்கள் நாங்கள்தான் என்றார்கள். ஆங்கில அகராதிக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வகுப்பில் அதிக நேரம் எடுத்தது இலக்கணம்தான். நமக்கு அரசியல் இருப்பதும் அங்கேதான். ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று தமிழில் சொன்னால் உடனே ஒரு கேள்வி வருகிறது: ஒதுக்கியது யார்? செயப்பாட்டு வினைக்குள் செய்தவன் ஒளிந்திருக்கிறான், தேடினால் பிடிபடுவான். அம்பேத்கர் 1924இல் தொடங்கிய சபைக்குப் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா’ என்றும், 1927இல் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பகிஷ்கிருத பாரத்’ என்றும் பெயர் வைத்தார். விலக்கி வைக்கப்பட்ட பாரதம். ‘தலித்’ என்றால் நொறுக்கப்பட்டவர். இந்தப் பெயர்களை உச்சரித்தாலே எதிரில் ஒரு ஆள் கூண்டில் ஏறுகிறான். ‘பரையா’வில் அந்த வினை இல்லை, வெறும் பெயர்ச்சொல். செய்தவன் யாருமில்லாமல், பிறவியிலேயே அப்படி ஒரு ஜந்து இருக்கிற மாதிரி. உலகத்தில் இந்தச் சொல் இவ்வளவு வசதியாகப் புழங்குவதற்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்துக்கு வேறு வழி தெரியாதா? தெரியும். 1880இல் அயர்லாந்தில் மேயோ பகுதியில் சார்லஸ் பாய்காட் என்ற நிலப் பிரபுவின் ஏஜெண்ட் குத்தகைக்காரர்களைத் துரத்தப் பார்த்தான். ஜனங்கள் அவன் வயலை அறுக்க மறுத்தார்கள், கடைக்காரன் சாமான் தர மறுத்தான், வீட்டு வேலைக்காரர்கள் வெளியேறினார்கள். அவன் பெயரே ‘பாய்காட்’ என்ற வினைச்சொல் ஆனது. கொடுமை செய்தவன் பெயரில் சொல் உண்டாக்க அந்த மொழிக்குத் தெரிந்திருக்கிறது. நிறவெறி அரசுக்குப் பெயர் தேவைப்பட்டபோது மட்டும் ஏன் சேரிப் பக்கம் திரும்பியது? இங்கே நடப்பது பாய்காட்டுக்கே தலைகீழ். கூலி கேட்டதற்கு, வழக்குப் போட்டதற்கு ஊரே கூடிச் சேரிக்கு ஊர்க்கட்டுப்பாடு போடுகிறது. கடையில் சாமான் கிடையாது, பால் கிடையாது, வேலை கிடையாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வந்த 2015 திருத்தத்தில் இது குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி ஏசுவதும் குற்றம். தேநீர்க் கடையில் சொன்னால் வழக்கு. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் சொன்னால் மொழி வளம்!

இதிலே இன்னொரு கூத்து ‘அரசியல் தீண்டாமை’. கூட்டணி கிடைக்காத பெரிய கட்சிகள் எல்லாம் தங்களுக்குத் தீண்டாமை நடப்பதாகப் புலம்புகின்றன. தனிக் குவளையில் தேநீர் குடித்தவன் எவன் அந்தக் கட்சித் தலைமையில்?

இந்தச் சொல்லைத் தடை செய்யச் சொல்லவில்லை நான். தடை செய்தால் அகராதி சுத்தமாகிவிடும், ஊர் அப்படியே இருக்கும். அதோடு, பறைதல் என்றால் பேசுதல் என்பதையும் மறந்துவிட வேண்டாம். மலையாளத்தில் இன்றைக்கும் சொல்லு என்பதற்கு அந்த வேர்தான், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலும் உண்டு. அந்தச் சொல்லை நாம் நம் வாயில் வைத்திருப்போம். அடுத்தவன் வசையாக வைத்திருப்பதைத்தான் கேள்வி கேட்கிறோம். அகராதிக்காரர்கள் பொருளுக்குப் பக்கத்தில் இது வாழ்ந்துகொண்டிருக்கிற ஒரு மக்களின் பெயர், அவர்களுக்கு இந்தப் பயன்பாடு இழிவு என்று அச்சிடட்டும். வேறு சில இனங்களைக் குறித்த வசைகளுக்கு அப்படி எச்சரிக்கைக் குறிப்பு போடுகிறார்கள், முடியாத காரியமில்லை. செய்தி மொழிபெயர்க்கும் நம் தோழர்கள் ‘பரையா நாடு’ என்றும் எழுத வேண்டாம், ‘தீண்டத்தகாத நாடு’ என்றும் எழுத வேண்டாம். உலகம் விலக்கி வைத்த நாடு என்றால் முடிந்தது. யார் விலக்கினார்கள், எதற்கு என்று அடுத்த வரியில் எழுதட்டும்.

வடபழனி வகுப்பில் இப்போது ஒரு பயிற்சி நடக்கிறது. நாளிதழ்களிலிருந்து இந்தச் சொல் வரும் ஆங்கில வாக்கியங்களை வெட்டி ஒட்டி, செய்தவனை உள்ளே கொண்டுவந்து அதே வாக்கியத்தைத் திருப்பி எழுதுகிறார்கள். ஆங்கிலமும் வருகிறது. இதுவரை பதினேழு வாக்கியம் சேர்ந்திருக்கிறது. தோழர்கள் கண்ணில் படுவதையும் வெட்டி அனுப்புங்கள். பத்திரிகையின் பெயரும் தேதியும் கட்டாயம் வேண்டும், ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதும்போது தேவைப்படும்.